தேதி பார்த்து வராது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று குடும்ப க்ரூப்பில் நீ போட்டதைப் பார்த்தேன். "டெலிவரி டேட் 24. நான் 22லேர்ந்து லீவ் சொல்லிட்டேன், டிக்கெட்டும் போட்டாச்சு." கீழே அத்தைகளும் சித்திகளும் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. உன் அத்தானும் 2016ல் இதே மாதிரிதான் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால் டிக்கெட் போட்டு, ஜன்னல் ஓர சீட் கிடைத்துவிட்டது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை அந்தத் தேதிக்குப் பதினோரு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள்.

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பாய், அப்புறம் மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன்னை மாதிரி ஊர்விட்டு ஊர் வேலை பார்க்கிற இன்னும் நாலு பேர் படித்தாலும் நல்லதுதான்.

முதலில் அந்த 24ஆம் தேதி. அது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிப் போட்ட கணக்கு, அவ்வளவுதான். ஸ்கேனில் சில நாள் மாற்றிச் சொல்வார்கள். சரியாக அந்த நாளிலேயே பிறக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்து பேர் இருந்தால் அதிகம். 37 வாரம் முடிந்துவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் வலி வரலாம், 41 வாரம் வரை இழுத்துக்கொண்டும் போகலாம். உன் வீட்டுக்காரிக்கு இப்போது 36 முடியப் போகிறது. அப்படியென்றால் அடுத்த வாரத்திலிருந்து உன் போன் ராத்திரியில் சைலண்டில் இருக்கக் கூடாது. புரிகிறதா?

நீ அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய், அதனால் என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். தலைப்பிரசவம் என்று வளைகாப்பு முடிந்து நம் வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளை பிறந்ததற்கு முந்தின நாள் சாயங்காலமே இடுப்பில் ஒரு மாதிரி இழுத்தது. மாதவிடாய்க்கு முந்தின நாள் இழுக்குமே, அந்த மாதிரி. உனக்கு அது தெரியாது, ஆனால் அவளுக்குத் தெரியும், கேட்டுக்கொள். தரையில் உட்கார்ந்து பூ கட்டினதால் வந்திருக்கும் என்று நானே நினைத்தேன். ஒன்பது மணிக்கு அம்மாவிடம் சொன்னபோது சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். பெரியத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதெல்லாம் பொய்வலி. நிஜ வலின்னா இப்படியா நின்னு பேசிக்கிட்டு இருப்ப? செவத்தப் பிடிச்சுக் கத்துவ" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டது.

பெரியத்தை சொன்னதில் பாதி சரிதான். பொய்வலி என்று ஒன்று நிஜமாகவே உண்டு. வரும், கொஞ்சம் நடந்தாலோ திரும்பிப் படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும், ஒழுங்கு இருக்காது. நிஜ வலி என்ன செய்தாலும் அடங்காது, ஒரு தாளத்தோடு வரும், போகப் போக இடைவெளி குறையும், ஒவ்வொரு வலியும் நீளும். ஆனால் கத்தினால் நிஜம், கத்தாவிட்டால் பொய் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நான் கத்துகிற ஆள் இல்லை. உனக்குத் தெரியும், பல் பிடுங்கும்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை (திறக்காமல் எப்படிப் பிடுங்கினார்கள் என்று அப்பா இன்றைக்கும் கேட்பார்).

பன்னிரண்டரைக்கு உன் அத்தானுக்குப் போன் போட்டேன். எடுத்தார். சொன்னேன். ரெண்டு வினாடி பேச்சில்லை. அப்புறம், "நிஜமா வலிதானா? இல்ல காலைல வரைக்கும் பாத்துட்டுச் சொல்றியா?" என்றார்.

தப்பானவர் இல்லை அவர். பயத்தில்தான் கேட்டார், லீவ் வேறு எண்ணி எண்ணிச் சேர்த்து வைத்திருந்தார், வீணாகிவிடுமோ என்ற கவலை. எல்லாம் எனக்கும் புரிந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் நான் என் வலிக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது பார், அது இன்றைக்கும் போகவில்லை. "சரி, காலைல சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். சென்னையிலிருந்து ஊருக்குப் பத்து மணி நேரம். அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் பதினொன்றுக்குள் வந்திருப்பார். பிள்ளை பிறந்தது 11.40க்கு.

ரெண்டு மணிக்கு மேல் ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று ஆனதும் அம்மாவே அப்பாவை எழுப்பினாள். 108க்கு அடித்திருக்கலாம், அடித்திருக்கவும் வேண்டும். 2008லிருந்து நம் மாநிலத்தில் ஓடுகிற வண்டி, காசு கிடையாது, வழியிலேயே பிறந்தாலும் பார்க்கத் தெரிந்த ஆள் உள்ளே இருப்பார். ஆனால் அப்பா பதற்றத்தில் எதிர் வீட்டுக்கு ஓடி, தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டும் மாமாவை எழுப்பிவிட்டார். அவர் லுங்கியோடு வந்து வண்டியை எடுத்தார். தினமும் விடியக்காலையில் இருபது பொம்பளைகள் நெருக்கிக்கொண்டு போகிற வேனில் நான் ஒருத்தியாக ஒரு சீட் முழுக்கச் சாய்ந்துகொண்டு போனேன். வண்டி முழுக்க அந்தத் தீப்பெட்டி மருந்து வாசனை. அந்த மாமாவை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நம் ஊர் ரோட்டில் எங்கெங்கே வேகத்தடை என்று அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே, "தாயி, தடை வருது, பிடிச்சுக்கோ" என்று குரல் கொடுத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையைத் தாண்டுகிற மாதிரி மெதுவாக ஏற்றி இறக்குவார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. தூத்துக்குடிப் பக்கமிருந்து கூட்ஸ் வருகிறது என்றார் கேட்கீப்பர். மாமா இன்ஜினை அணைத்தார். அம்மா திருச்செந்தூர் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தாள். ரயில் இன்ஜின் எங்களைத் தாண்டின அதே நேரத்தில் எனக்கு அடுத்த வலி ஏறியது. பிடிக்க ஒன்றும் இல்லை, அதனால் பெட்டிகளை எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. பன்னிரண்டாவது பெட்டியில் இடுப்பு எலும்பு ரெண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது, இருபதில் கொஞ்சம் இறங்கியது, முப்பத்தொன்றில் விட்டுவிட்டது. அப்புறமும் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கேட் திறந்து வண்டி கிளம்பும்போதுதான் அம்மா, "ஃபைலை எடுத்தியா?" என்று கேட்டாள்.

எடுக்கவில்லை. திருநீறு எடுத்திருந்தாள், சொம்பு, ஃப்ளாஸ்க், பழைய வேட்டித் துணி நாலு, எல்லாம் இருந்தது. ஒன்பது மாசத்து ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் வைத்த ஃபைல் டிவி மேல் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை நீ அருப்புக்கோட்டைப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாய். போய் அந்த ஃபைலைப் பையின் அடியில் வை, உன் போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள். ஆதார், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசாங்கத்தில் கொடுத்த நம்பர்), ரெண்டும் அதில் இருக்கட்டும். பிறப்பைப் பதியும்போது பிக்மி எண்ணைத்தான் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அதுதான் அடிப்படை. அவளுடைய ரத்த வகை உனக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். நெகட்டிவ் என்றால் இன்னும் முக்கியம். பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் அவளுக்கு ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும், போட்டாச்சா என்று கேட்பது உன் வேலை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு, அதுக்குள்ள எதுக்கு ஓடி வந்தீங்க?" என்றார் அந்த நர்ஸ். ஃபைல் இல்லை என்றதும் இன்னும் கொஞ்சம் திட்டு. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, அந்த அம்மாவுக்கும் அன்றைக்கு எத்தனையாவது கேஸோ. ஆனால் அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. கருப்பை வாய் முழுசாகத் திறக்க 10 சென்டிமீட்டர். தலைப்பிரசவத்தில் முதல் நாலைந்து சென்டிமீட்டருக்கே ஒரு ராத்திரி ஆகலாம். அதற்கு மேல் வேகம் பிடித்த பிறகும் பன்னிரண்டு மணி நேரம் வரை போவது சாதாரணம். அதனால் அவளையும் திருப்பி அனுப்பினால் யாரிடமும் சண்டைக்குப் போகாதே. வீடு தூரம் என்றால் வராந்தாவிலேயே இருக்கிறோம் என்று கேள். நாங்கள் இருந்தோம். நான் அந்த வராந்தாவில் விடிகிற வரை நடந்தேன். அஞ்சு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. வெதுவெதுப்பாகக் கால் வழியே இறங்கியது, என்னை அறியாமல் ஒண்ணுக்குப் போய்விட்டேன் என்று நினைத்து வெட்கத்தில் செருப்பால் மறைக்கப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டுக் கத்தின பிறகுதான் உள்ளே படுக்க வைத்தார்கள். அப்போதுதான் அப்பா உன் அத்தானுக்குப் போன் செய்தார். அவர் ஆறரைக்குப் பஸ் ஏறினார்.

உள்ளே நடந்ததை எழுத மாட்டேன். அவளுக்கு வேண்டுமானால் தனியாகச் சொல்கிறேன்.

எப்போது கிளம்புவது என்று கேட்பாய். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், ஒரு மணி நேரமாக அப்படியே என்றால் கிளம்பு என்பது பொதுவாகச் சொல்வது. ஆனால் அவர்கள் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கே முக்கால் மணி நேரம், அதனால் அதற்கு முன்னாலேயே கிளம்பட்டும். சிலதுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். பனிக்குடம் உடைந்தால், அதுவும் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால். ரத்தம் போனால். பிள்ளையின் அசைவு குறைந்த மாதிரி இருந்தால். தலைவலி மண்டையைப் பிளந்து கண் மங்கினால். 37 வாரத்துக்கு முன்னாலேயே வலி வந்தால். இதில் ஒன்று வந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும், அது நம் பெரியத்தையாகவே இருந்தாலும், 108க்கு அடிக்கச் சொல். அப்புறம், விளக்கெண்ணெய் குடித்தால் சீக்கிரம் வலி எடுக்கும் என்று யாராவது டம்ளரோடு வருவார்கள். டாக்டர் சொல்லாமல் வேண்டாம். வயிற்றைப் போட்டுக் கலக்கிவிட்டால், வலிக்கு நடுவில் பாத்ரூமுக்கும் ஓட வேண்டும், பாவம்.

பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை விடுவார்கள், அவள் அம்மா இருப்பார். உன்னை அநேகமாக விட மாட்டார்கள். பின்னே நான் எதற்கு என்று கேட்காதே. கையெழுத்துப் போட ஆள் வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும், மருந்துச் சீட்டோடு ஓட ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல், நீ வந்துவிட்டாய் என்று உள்ளே போய்ச் சொன்னால் அவளுக்குத் தெரியும்.

லீவுக்கு வருகிறேன். மத்திய அரசில் இருந்தால் அப்பாவானவனுக்கு 15 நாள் உண்டு. உன்னை மாதிரி தனியார் கம்பெனிக்காரனுக்குச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது, இருக்கிற பன்னிரண்டு நாளைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அதை 22லிருந்து வைத்தால் ரெண்டு விதமாக நடக்கலாம். பிள்ளை முன்னாலேயே வந்துவிடும், இல்லையென்றால் நீ மாமியார் வீட்டில் ஒரு வாரம் கறிச்சோறு தின்றுவிட்டு, பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஓசூர் பஸ் ஏறுவாய். ரெண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. நீ உன் சூப்பர்வைசரிடம் போய், "எந்த நாள்னு தெரியாது சார், போன் வந்தா அந்த ஷிப்டைப் பாதியில விட்டுட்டுக் கிளம்புவேன்" என்று இப்போதே சொல்லி வை. மாற்றுக்கு யார் என்று பேசி வை. மிச்ச நாளெல்லாம் பிள்ளை பிறந்த பிறகுக்கு. தையல் வலியோடு ராத்திரி மூணு மணிக்குப் பால் கொடுக்க உட்கார்ந்திருக்கிறவளுக்கு அப்போதுதான் ஆள் வேண்டும்.

போன் வந்தால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. "எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது?" அவ்வளவுதான். நிஜமா, பொய்யா என்று கேட்காதே. கிளம்பி வந்து பொய்வலியாகவே இருந்தால் என்ன, ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். ஓசூரிலிருந்து எட்டு ஒன்பது மணி நேரம், அதை நினைவில் வை.

உன் அத்தான் அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சேகாலுக்கு வந்தார். வரும் வழியில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கடலைமிட்டாய் வாங்கியிருக்கிறார், என்ன நினைத்து வாங்கினார் என்று இன்றைக்கு வரைக்கும் அவருக்கே தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கட்டில் பக்கத்தில் நின்றார், பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை. இதை அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த ஜன்னல் சீட்டு விஷயத்தை மட்டும் எடுத்துரு" என்றார். எடுக்கவில்லை.

சூப்பர்வைசரிடம் பேசினாயா என்று இன்றைக்கு ராத்திரி கேட்பேன். ஒன்பதரைக்கு. எடுலே.

அக்கா