தேர்வில் வருடத்தை மட்டும் கேட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பேச்சு எழும்போதெல்லாம், நீதிபோதனை வகுப்பு வேண்டும் என்று யாராவது சொல்கிறார்கள். நானும் வரலாறு நடத்தியவன்தான். இருக்கிற வரலாற்றுப் பாடத்தை ஒழுங்காக நடத்தினாலே பாதி வேலை முடியும் என்பேன்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்திலேயே 'தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்' என்று அச்சாகியிருக்கிறது. ஆண்டு தொடக்கத்தில் பெயர் எழுதும்போது பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதோடு சரி.

அதே வகுப்பில் அம்பேத்கரின் பள்ளி நாட்களைச் சொல்லிப் பாருங்கள். அவர் உட்காரத் தனியாக ஒரு சாக்குத் துண்டு. பள்ளியைச் சுத்தம் செய்பவர் அதைத் தொடமாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் கிடையாது. இதைக் கேட்டதும் எவனாவது ஒருவன், "வாத்தியார் ஏன் சார் திறந்துவிடல?" என்பான். பாடநூலில் இல்லாத இந்தக் கேள்வியில்தான் பாடமே தொடங்குகிறது.

கேரளத்தின் வைக்கத்தில் நடந்த போராட்டமும் அப்படித்தான். '1924, பெரியார்' என்று ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் அங்குள்ள கோயிலுக்குள் போகக்கூட இல்லை, அதைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது என்பது மனதில் பதிவதில்லை. கரும்பலகையில் ஒரு சதுரம் போட்டுக் காட்டலாம். 1925 இறுதியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. வைக்கம் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததே 1936இல்தான்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அடிபட்ட கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு இரக்கம் வருமே தவிர மரியாதை வராது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் கூனிக்குறுகிப் போகும். புணேயில் சமூக சீர்திருத்தவாதிகளான பூலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற, தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மாங் சாதிச் சிறுமி, தன் மக்கள் படும் துயரத்தைத் தானே கட்டுரையாக எழுதி, அது 1855இல் 'ஞானோதயா' இதழில் அச்சானது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பீரியடுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயம்தான். கணக்கு சார் முதலில் கடன் கேட்பதே சமூக அறிவியல் பீரியடைத்தான்! அதனால் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டைக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்களைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, 'அந்த வகுப்பில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்பது போல ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று வையுங்கள். அதற்கும் கைடில் விடை போட்டுவிடுவார்கள்தான். ஆனாலும் நாலு பிள்ளைகளாவது சொந்தமாக எழுதும்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்