பொப்கோர்ன் நல்லதுதான், அதில் பூசியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் காசு கட்டும் மேசைக்குப் பக்கத்தில் பொப்கோர்ன் பக்கற்றுகள் தொங்குகின்றன. சீஸ், கரமல், பட்டர், காரம் என்று விதவிதமான சுவைகள். பின்னேரம் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளின் கையில் இதுதான். பெற்றோரைக் கேட்டால் "சிப்ஸ், ரொபி வாங்குவதை விட இது நல்லதுதானே, சோளம்தானே" என்கிறார்கள். அந்த நினைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சோளம் நல்லதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். எண்ணெய் விடாமல் வெறும் சூட்டில் பொரிந்த பொப்கோர்ன் 100 கிராம் எடுத்தால் நார்ச்சத்து 14 கிராமுக்கு மேல், புரதம் 12 கிராமுக்கு மேல், கொழுப்பு 4 அல்லது 5 கிராம், உப்பு இல்லையென்றே சொல்லலாம். தவிடு நீக்காத முழுத் தானியம், கோதுமை மாவில் செய்த பலகாரங்களோடு ஒப்பிடவே தேவையில்லை. ஆனால் பக்கற்றுக்குள் இருப்பது அந்தச் சாமான் இல்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணையில் சீஸ் சுவையூட்டிய பொப்கோர்னுக்கு 100 கிராமுக்குக் கொழுப்பு ஏறக்குறைய 33 கிராம், சோடியம் 900 மில்லிகிராம் அளவில் போட்டிருக்கிறார்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு, அதாவது 2 கிராமுக்கும் மேல். கரமல் பூசியதில் கொழுப்பு குறைவு, ஆனால் பாதிக்குப் பாதி சீனி. அதே சோளம்தான், மேலே ஏறிய எண்ணெயும் உப்பும் சீனியும் அதை வேறு சாப்பாடாக மாற்றிவிடுகின்றன. நார்ச்சத்தும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது, ஏனென்றால் 100 கிராமில் சோளத்தின் பங்கே குறைவு.

எங்கள் நாட்டு விதிகளையே எடுத்துப் பாருங்கள். 2016 முதல் மென்பானங்களுக்கும் 2019 முதல் மற்ற உணவுகளுக்கும், உறையில் நிற வட்டமாகப் போடும் நிறக் குறியீடு வந்தது. 100 கிராமில் சீனி 22 கிராமுக்கு மேல், உப்பு 1.25 கிராமுக்கு மேல், கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, அதாவது அளவு கூட. மேலே சொன்ன கணக்குப்படி சீஸ் பொப்கோர்ன் உப்பிலும் கொழுப்பிலும் சிவப்பு, கரமல் பொப்கோர்ன் சீனியில் சிவப்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புத்தான் என்கிறது, பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. 50 கிராம் சீஸ் பொப்கோர்னிலேயே ஒரு கிராமுக்கு மேல் உப்பு போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் இரவுச் சாப்பாட்டுக்குச் சம்பலும் கருவாடும் வருகின்றன.

பக்கற்றைத் திருப்பிப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பொருட்களின் பட்டியல் எடை கூடியது முதலில், குறைந்தது கடைசியில் என்ற ஒழுங்கில்தான் வரும். கடந்த வாரம் நான் கடையில் எடுத்துப் பார்த்த ஒரு கரமல் பக்கற்றில் முதலில் நின்றது சீனி, சோளம் அதற்குப் பிறகு! எழுத்து அவ்வளவு சிறியது, பளபளப்பான தாளில் மடிப்பு விழுந்த இடத்தில் அச்சடித்திருந்தார்கள், வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. மற்றது, "ஒரு பரிமாறலுக்கு" என்று போடுகிற கணக்கு. ஒரு பரிமாறல் 20 அல்லது 30 கிராம் என்று அவர்களே வைத்துக்கொள்வார்கள், இலக்கமும் சிறிதாகத் தெரியும். எந்தப் பிள்ளை பக்கற்றை உடைத்துப் பாதியில் மடித்து வைக்கிறது? 100 கிராமுக்கு என்ற நிரலை மட்டும் பாருங்கள், அப்போதுதான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியும்.

முன்பக்கத்து வாசகங்களை நம்பவே கூடாது. "கொலஸ்ரரோல் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ரரோல் இருந்ததில்லை, அது ஒரு பெருமையே இல்லை. பெரும்பாலும் பாவிப்பது பாம் எண்ணெய், அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்தில் கெட்ட கொலஸ்ரரோலைக் கூட்டுவது அதுதான். அஜினமோட்டோ பற்றித்தான் எங்கள் சனம் அதிகம் கதைக்கிறது. என் கருத்தில் அந்தப் பயம் கொஞ்சம் அதிகம். எங்களுக்குக் கேடு செய்வது எல்லாரும் நல்லாய்ப் பழகிப்போன உப்பும் சீனியும்தான். பிறசர், சலரோகம் இல்லாத வீட்டை யாழ்ப்பாணத்தில் தேட வேண்டியிருக்கிறது, இந்தப் பழக்கத்தைச் சின்ன வயதிலேயே நாக்குக்கு ஏற்றிவிட்டால் பிறகு வெறும் பயறும் கடலையும் சப்பென்றுதான் இருக்கும்.

இன்னொன்று, இது ஊட்டச்சத்து விஷயம் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொப்கோர்ன் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் இறுகிவிடும். திருவிழா நேரம் வீதியில் இடுப்பில் வைத்திருக்கும் குழந்தைக்குச் சிலர் ஊட்டுவதைக் காண்கிறேன், பயமாக இருக்கிறது.

வீட்டில் செய்வது கடினமான வேலையே இல்லை. பொரிக்கிற சோள விதை கடைகளில் தனியாகக் கிடைக்கிறது (அவித்துச் சாப்பிடுகிற சோளம் பொரியாது, பொரிக்கிற இனத்துக்குத் தோல் கடினம், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல்தான் வெடிக்கிறது). மூடியுள்ள சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய், ஒரு கைப்பிடி விதை, கடைசியில் கொஞ்ச உப்பும் மிளகுத்தூளும். பத்து நிமிடம்கூடத் தேவையில்லை. நல்லூரில் வாங்குகிற வறுத்த கச்சானும் நல்லதுதான். கச்சானில் கொழுப்பு கிட்டத்தட்டப் பாதி, நிற அளவில் பார்த்தால் அதுவும் சிவப்புக்குத்தான் போகும், ஆனால் அது பெரும்பாலும் நல்ல கொழுப்பு, 100 கிராமுக்கு 25 கிராம் அளவில் புரதமும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லவில்லை, அந்தக் கொழுப்பு உணவிலேயே இருந்ததா மேலே பூசியதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் பிள்ளைகள் வாங்கும் பக்கற் உணவுகளின் பின்பக்கத்தை எப்படி வாசிப்பது என்று, ஒவ்வொரு வாரமும் ஒரு வகையை எடுத்து, பெரிய எழுத்தில் தமிழில் போடுங்கள். பாடசாலைக் கன்ரீன் நடத்துபவர்களும் அதிபர்களும் சுவையூட்டிய பக்கற்றுகளை நிறுத்திவிட்டு வெறும் பொப்கோர்னும் அவித்த கடலையும் வைக்கலாம். கடைகளுக்குப் போகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், காலாவதித் திகதியோடு இந்த நிற வட்டமும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் பக்கற்றில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்