ரயில் பயணிகள் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் மாதத்தோடு முடிந்த ஆண்டுக்கான பொதுக்குழுவை இப்போதுதான் கூட்ட முடிந்திருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. குறுவை அறுப்பு நேரத்தில் கூட்டம் போட்டால் மேடையில் இருப்பவர்கள்தான் கூட்டம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கிக்காரர்களுக்கு ஒரு தகவல்: அவர் நாற்காலியை வாசலை ஒட்டியே போட்டிருக்கிறார்.

இந்த ஆண்டில் நம் உழைப்பின் பெரும்பகுதி ஒரே வேலைக்குப் போனது. அது மக்களவையின் மனுக்கள் குழுவுக்கு நாம் தயாரித்த மனு. இதுவரை நிலைய மேலாளர், கோட்ட அலுவலகம், அதற்கு மேலே என்று படிப்படியாக எழுதிக்கொண்டிருந்தோம். வந்த பதில்கள் எல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ரகம். அதனால்தான் சென்ற பொதுக்குழுவில் டெல்லிக்கே போவது என்று தீர்மானம் போட்டீர்கள்.

டெல்லியில் எந்தக் கதவு என்பதில் நமக்குள்ளேயே குழப்பம் இருந்தது. கோட்ட அளவிலும் மண்டல அளவிலும் இருக்கும் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் ரயில்வேயே அமைப்பவை. நாடாளுமன்றத்தின் ரயில்வே நிலைக்குழு பட்ஜெட் மானியக் கோரிக்கைகளையும் மசோதாக்களையும் பார்ப்பது. பொதுமக்கள் நேரடியாக முறையிட இருப்பது மனுக்கள் குழு. மக்களவையில் சபாநாயகர் நியமிக்கும் 15 உறுப்பினர்கள், அவர்களில் அமைச்சர் யாரும் இருக்கக்கூடாது. மாநிலங்களவைக்குத் தனியாக 10 பேர் கொண்ட குழு உண்டு. வெள்ளைக்காரன் காலத்து மத்திய சட்டசபையில் 1924-இல் ‘பொது மனுக்கள் குழு’ என்று தொடங்கி, 1931-இல் இப்போதைய பெயருக்கு மாறியது இது. நூறு வயதைத் தாண்டிய குழு நம் கண்ணில் படாமல் இருந்தது ஆச்சரியம்தான்.

செயற்குழுவில் அதிகம் விவாதிக்கப்பட்டது நட்டஈடு. ரயிலில் வீட்டு மனிதரை இழந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. ‘அவர்கள் வழக்கையெல்லாம் மனுவிலேயே எழுதிவிடுவோம், எம்.பி.க்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று பலர் சொன்னார்கள். விதி அதற்கு இடம் தரவில்லை. நீதிமன்றமோ தீர்ப்பாயமோ விசாரிக்கும் விஷயத்தையும், சட்டத்திலேயே பரிகாரம் உள்ள விஷயத்தையும் மனுவாகக் கொண்டுபோக முடியாது. தனி ஒருவரின் நட்டஈட்டுக்கு ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனல் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பாயம் அது, சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்றாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. டெல்லிக்கு மனுப் போட்டாயிற்று என்று ஒரு குடும்பம் காத்திருந்தால் அந்த ஓராண்டு ஓடிப்போகும். இந்தக் கவலையால்தான் தனி வழக்குகளை மனுவிலிருந்து எடுத்தோம். வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் முடிவு சரியானது என்றே கருதுகிறேன்.

உறுப்பினர் ஒருவரின் மருமகன் விஷயத்தை, குடும்பத்தாரின் அனுமதியோடு சொல்கிறேன். வேலை முடிந்து வரும்போது, இறங்க வேண்டிய ஸ்டேஷனில் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்துபோனார். பிரேத விசாரணை அறிக்கையில் உடலோடு இருந்த பொருள்களின் பட்டியல் இருக்கிறது: கண்ணாடி உடைந்த ஒரு செல்போன், டிபன் பாக்ஸ், வீட்டுச் சாவி, கொஞ்சம் சில்லறை. டிக்கெட் மட்டும் இல்லை. எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது அதைத்தான். டிக்கெட் இல்லாதவர் முறையான பயணி இல்லையாம்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் ரீனா தேவி வழக்கில் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. டிக்கெட் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் ஒருவர் பயணி இல்லை என்றாகிவிடாது. குடும்பத்தார் உரிய விவரங்களோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயின் பக்கம் போய்விடும். ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தாலும் நட்டஈடு உண்டு. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. ரயில்வே சட்டம் 124ஏ பிரிவு விலக்கு வைத்திருப்பது தற்கொலை, தானே தேடிக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், குடிபோதை அல்லது சித்தம் தவறிய நிலை, இயற்கையான காரணம் அல்லது நோய், விபத்துக் காயத்தால் தேவைப்படாத சிகிச்சை ஆகியவற்றுக்கு மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்து இறந்தவரின் மனைவி தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துவிட்டார். அன்றாடம் கணவரோடு ஒரே பெட்டியில் வரும் இருவர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது, அதற்கு மேல் இங்கே பேசுவது முறையாகாது.

தனி வழக்குதான் மனுவுக்குள் போகாதே தவிர, நட்டஈட்டு விதி தாராளமாகப் போகும். நம் மனுவின் முதல் கோரிக்கை அதுவே. உயிரிழப்புக்கான தொகை 1997-இல் 4 லட்சமாக இருந்தது, 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம் ஆனது. அதன் பிறகு விலைவாசி எங்கே போயிருக்கிறது என்பதைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொகை விதிகளில் இருப்பதால், சட்டத்தைத் திருத்தாமலே மத்திய அரசு உயர்த்த முடியும். குறிப்பிட்ட கால இடைவெளியில் மறு ஆய்வு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். டிக்கெட் இல்லை என்ற ஒற்றைக் காரணத்தை மட்டும் வைத்து எதிர்வாதம் செய்யக்கூடாது என எல்லாக் கோட்டங்களுக்கும் அறிவுறுத்தல் போக வேண்டும் என்பது இரண்டாவது.

மூன்றாவது, நடைமேடை. உயர்மட்ட நடைமேடை என்றால் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். கிளைப் பாதைகளின் சின்ன ஸ்டேஷன்களில் பல இடங்களில் தண்டவாள மட்டத்திலிருந்தே ஏற வேண்டியிருக்கிறது. பூக்கூடையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முழங்காலைப் படியில் ஊன்றி ஏறும் பாட்டிமாரை நாம் தினமும் பார்க்கிறோம். விபத்துக்கு நட்டஈடு கேட்பதைவிட இந்த மேடையை உயர்த்தக் கேட்பது முக்கியம் என்று தலைவர் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். நான்காவது, லெவல் கிராசிங்கை மூடிவிட்டுக் கட்டும் சுரங்கப்பாதைகள். ஐப்பசி, கார்த்திகையில் அவை குளமாகிவிடுகின்றன.

எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு நம் ஊரில் நிறுத்தம் கேட்பதை ஏன் சேர்க்கவில்லை என்று மூத்த உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதற்குத் தனியே முயற்சி நடக்கிறது. ஆளுக்கொரு நிறுத்தம் கேட்டு எழுதினால் பொதுநல மனு வெறும் ஊர்ப் பட்டியலாகிவிடும் என்பதே செயற்குழுவின் எண்ணம்.

கையெழுத்து வேலை லேசானதாக இல்லை. மனு எழுதிய தாளிலேயே ஒருவராவது கையெழுத்திட வேண்டும். கூடுதல் தாள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் கோரிக்கையைத் திரும்ப எழுத வேண்டும். சிலர் உற்சாகத்தில் வெற்றுத்தாளில் வாங்கி வந்த கையெழுத்துகளைச் சேர்க்க வழியில்லாமல் போயிற்று. அவர்களிடம் மறுபடி தாள் கொடுத்து அனுப்பினோம், முகம் சுளிக்காமல் போனார்கள். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். மனுவோடு எந்த ஆவணத்தையும் இணைக்கக்கூடாது என்பதால் பத்திரிகைச் செய்தி, போட்டோ எல்லாம் அலுவலகப் பீரோவில் இருக்கின்றன. தமிழ் மனுவுக்கு இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் செய்து தந்தார். கடுஞ்சொல் கூடாது என்பதும் விதி. இளைஞர் அணி எழுதித் தந்த முதல் பத்தியை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தது அதனால்தான், வேறு பகை ஒன்றும் இல்லை.

நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மேலொப்பம் இட்டு மனுவை அனுப்பியிருக்கிறார். அவையில் தாக்கல் செய்யும்போது உறுப்பினர் ஓரிரு வரிதான் சொல்ல முடியும், விவாதம் கிடையாது. வேலையெல்லாம் குழுவில்தான். அமைச்சகத்தின் கருத்தைக் கேட்பார்கள், தேவைப்பட்டால் மனுதாரரை அழைப்பார்கள், அதிகாரிகளை விசாரிப்பார்கள், அவைக்கு அறிக்கை தருவார்கள். நம் மனு இப்போது பரிசீலனைக் கட்டத்தில் நிற்கிறது. எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குழு பரிந்துரைக்கத்தான் முடியும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் இருந்த சலுகை. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசி வகுப்பிலுமாவது திரும்பத் தருவதைப் பரிசீலியுங்கள் என்று ரயில்வே நிலைக்குழுவே சொல்லிப் பார்த்தது. சலுகை இன்னும் வரவில்லை.

அறிக்கைக் காலத்துக்குப் பிந்தியது என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு நம் அஞ்சலி. வேனில் போனவர்கள் ரயில் பயணிகள் அல்லர் என்பதால், பயணிகளின் நட்டஈட்டுக்கான ரயில்வே சட்டத்தின் 124, 124ஏ பிரிவுகள் இத்தகைய குடும்பங்களுக்கு உதவாது. கருணைத் தொகை போக மீதிக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் போன்ற வேறு வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது. கேட்டில் அடிபடுகிறவர்களுக்கும் நேரான ஒரு நட்டஈட்டு ஏற்பாடு வேண்டும் என்று துணை மனு ஒன்றைச் செயற்குழு முன்மொழிகிறது. வரைவு உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாம் பத்தியில் ‘உடனடியாக’ என்ற சொல்லைச் சேர்ப்பதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. அதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும்.

மற்றவை: நடைமேடைக் குடிநீர்க் குழாய் சரியாயிற்று. கழிவறை ஆகவில்லை. மின்விசிறி நன்கொடை தந்த கடைக்காரருக்கு நன்றி.

அறிக்கையை ஏற்குமாறும், துணை மனு மீதான விவாதத்தைத் தொடங்க அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்