ஃபியட்டுக்கு மூன்று மீட்டர்

கோவை

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த போட்டோக்களும் வந்து சேர்ந்தன. ஹெரால்ட் காரைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்துவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெயின்ட் வெளுத்துப் போயிருந்தாலும் முகம் அப்படியே இருக்கிறது. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைந்த உருவம், வண்டலூரில் செய்த வண்டி, அதற்கு மேல் உங்கள் அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. அதை நீ ஓட விடப்போகிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் போகிறாள். சாந்திக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் காலையில் நடப்பதை விடவில்லை. நான் வேலையை விட்ட பிறகு பாதிப் பொழுது ஃபியட்டோடுதான் போகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் செட் ஒன்றை முழுசாகப் பொருத்தலாமா, இல்லை பழையது இருக்கப் புதிதாக இரண்டு மூன்று சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். என் பதில் ஒன்றுதான்: பழையதில் கை வைக்காதே. உங்கள் அப்பா பார்த்து ஓட்டிய அந்த ஒற்றை வட்டம் அங்கேயே இருக்கட்டும். டேஷ்போர்டில் புதிதாக ஒரு துளைகூட வேண்டாம். வேண்டியதைத் தனியாக ஒரு தகட்டில் செய்து கீழே தொங்கவிடு. நாளைக்கு உன் பையன் எல்லாவற்றையும் பழையபடி வைக்க நினைத்தால், இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும் என்று இருக்க வேண்டும்.

என் ஃபியட்டில், அதாவது பத்மினியில், அப்படித்தான் செய்தேன். எண்ணெய் அழுத்தம், என்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீரின் சூடு, பேட்டரி வோல்ட் என்று மூன்று மீட்டர். ஏன் இந்த மூன்று என்றால், வண்டியோடு வந்த சிவப்பு விளக்கை நம்பி இந்தக் காலத்துச் சாலையில் ஓட்ட எனக்கு மனசில்லை. ஆயில் விளக்கு எரிவது பெரும்பாலும் அழுத்தம் ஐந்தாறு பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு அது) இறங்கிய பிறகுதான். சூடான என்ஜின் ஓட்டத்தில் நாற்பது ஐம்பதில் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்துக்கு வந்தாலும் அந்த விளக்கு வாயைத் திறக்காது. அது எரிகிற நேரம் பேரிங் ஏற்கெனவே அடி வாங்கத் தொடங்கியிருக்கும். முள் அப்படியில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்குவதை அது காட்டிக்கொடுக்கும், நாமும் நேரத்தோடு பார்த்துக்கொள்ளலாம். குர்லாவில் பத்மினி செய்வதை நிறுத்தி இரண்டு தலைமுறை டிரைவர்கள் வந்துவிட்டார்கள். பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள்கூட 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டன. என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஒன்று போனால் இன்னொன்றுக்கு எங்கே போய் நிற்பது?

மீட்டர் வாங்க ரொம்ப அலையவில்லை. டிராக்டர் ஸ்பேர் கடையில் 52 மில்லிமீட்டர் வட்டத்தில் நல்ல மீட்டர்கள் கிடைக்கின்றன. தண்ணீர்ச் சூட்டுக்கு மட்டும் மின்சார மீட்டர் வேண்டாம் என்று முடிவு செய்து, செம்புக் குழாய் வைத்த பழைய வகையை எடுத்தேன். அதன் வேலை அழகானது. நுனியில் ஒரு பித்தளைக் குமிழ், அதற்குள் சீக்கிரம் ஆவியாகும் திரவம். தண்ணீர் சூடாக ஆக அந்த ஆவியின் அழுத்தம் மெல்லிய குழாய் வழியாக மீட்டருக்கு வருகிறது. மீட்டருக்குள் தட்டையாக்கி வளைத்த ஒரு குழல் இருக்கிறது, 1849ல் யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிய அமைப்பு. தேர்க்கடையில் வாங்கி ஊதுவோமே, சுருண்டிருந்து ஊதினால் நிமிர்கிற காகிதப் பீப்பி, அதே மாதிரி அழுத்தம் ஏறினால் அந்தக் குழல் நிமிரப் பார்க்கும். அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. பேட்டரி, வயர் எதுவும் வேண்டாம்.

இதில் பெரிய லாபம் என்ன தெரியுமா? சாவியை அணைத்த பிறகும் முள் உயிரோடு இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய் டீக்கடையில் நிறுத்தினேன். ஏறும்போது தொண்ணூற்றைந்தைத் தாண்டாத முள், என்ஜினை அணைத்ததும் மேலே ஏறியது. பம்ப் நின்றுவிடுகிறது, தண்ணீர் ஓடாமல் நிற்கிறது, என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் இருக்கும் சூடு முழுக்க அந்த நின்ற தண்ணீரில் இறங்குகிறது. மலை ஏறியவுடனே படக்கென்று அணைக்காதே, கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிடு என்று அந்தக் காலத்து பஸ் டிரைவர்கள் சொல்வார்களே, அதை அன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்தேன். மின்சார மீட்டராக இருந்தால் சாவியோடு சேர்ந்து அதுவும் செத்திருக்கும், இது தெரிந்தே இருக்காது.

இந்த வகையில் ஒரு தொல்லை உண்டு. குழாயை வெட்டி ஒட்ட முடியாது, குமிழ் நுழையும் அளவுக்கு ஃபயர்வாலில், அதாவது என்ஜினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், துளை வேண்டும். எனக்கு ஏற்கெனவே இருந்த ரப்பர் புஷ் துளை போதுமானதாக இருந்தது. மிச்சக் குழாயைப் பெரிய வளையமாகச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிட்டேன். எங்காவது சட்டென்று மடிந்தால் மீட்டரே போச்சு.

ஆயில் பிரஷருக்கு இதே வகையை நான் எடுக்கவில்லை. அதில் சூடான எண்ணெயே குழாய் வழியாக உள்ளே, உன் கால் மேலே வரும். குழாய் விட்டுப்போனால் பேன்ட்டும் போச்சு, என்ஜினும் போச்சு. அதனால் அதற்கு மின்சார சென்சார். பழைய விளக்கு சுவிட்சையும் விட்டுவிடாமல் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு இரண்டையும் வைத்தேன். ஃபியட்டின் மரை மெட்ரிக், சென்சாரின் மரை வேறு. லேத்துப் பட்டறையில் பித்தளையில் ஓர் அடாப்டர் கடைந்து வாங்கினேன். கோவையில் இதற்கு எத்தனை தெருவில் எத்தனை கை இருக்கிறது, அந்த விஷயத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். உன் வண்டியில் மரையை அளக்காமல் எதையும் முறுக்காதே. எட்டில் ஒரு இஞ்சு பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரைக்கு இஞ்சுக்கு 28 சுற்று, என்.பி.டி. என்ற அமெரிக்க மரைக்கு 27. இரண்டும் முதல் சில சுற்றுக்கு நல்ல பிள்ளை மாதிரி ஏறும், அப்புறம் இறுகும். பலமாக முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். டெஃப்லான் டேப்பையும் அள்ளிச் சுற்றாதே, சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது.

இப்போது நான் ரொம்ப ஆசைப்பட்டுச் செய்த பகுதிக்கு வருகிறேன். மீட்டர் என்பது படிப்பதற்கு இல்லை, ஒரு பார்வை பார்ப்பதற்கு. ரேஸ் வண்டிகளில் மீட்டரையே திருப்பிப் பொருத்துவார்கள், எல்லாம் சரியாக இருந்தால் எல்லா முள்ளும் நேர் மேலே நிற்கும்படி. எண்ணைப் பார்க்கவே வேண்டாம், ஒரு முள் சாய்ந்திருந்தால் கண் தானாகவே அங்கே போகும். எனக்கும் அது வேண்டும், ஆனால் எண்கள் கோணலாக நிற்பதைச் சகிக்க முடியவில்லை. ஆகவே டயலையே புதிதாக வரைந்தேன்.

மீட்டரின் வளையத்தை ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக் கண்ணாடியை எடுத்தேன். முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அதை உருவினேன். பிறகு மெல்லிய அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி வைத்துக் கோடு குறிக்க ஆரம்பித்தேன். இந்த ஆவி வகை மீட்டரில் கோடுகளைச் சமமாகப் பிரிக்க முடியாது. கீழே ஐம்பது அறுபதில் கோடுகள் நெருங்கி நிற்கும், மேலே போகப் போக அகலும், ஏனென்றால் சூடு ஏற ஏற ஆவியின் அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். அளந்துதான் குறிக்க வேண்டும். சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, குமிழையும் லேப் தெர்மாமீட்டரையும் சேர்த்துத் தொங்கவிட்டு, ஐந்து டிகிரிக்கு ஒரு புள்ளி வைத்தேன். கொதி வந்ததும் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டரை பக்கம் நின்றுகொண்டது. கோவை கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் இருக்கிறதல்லவா, இங்கே தண்ணீர் நூறில் கொதிப்பதில்லை. உங்கள் திருச்சியில் நூறை ஒட்டியே வரும். சாந்தி பக்கத்தில் நின்று எண் சொல்லச் சொல்ல நான் குறித்தேன்.

அந்தப் புள்ளிகளை வைத்து எண்பத்தைந்து நேர் மேலே வரும்படி எண்களை நிமிர்த்தி வரைந்தோம். நேம் போர்டு ஸ்க்ரீன் பிரின்டிங் செய்கிற பையன் ஒருவன், ஸ்பீடோமீட்டரில் இருக்கிற எழுத்தின் தடிமனையும் நிறத்தையும் பார்த்து அதே மாதிரி அச்சடித்துக் கொடுத்தான். மற்ற இரண்டுக்கும் அப்படியே. இப்போது பார்த்தால் மூன்றும் வண்டியோடு பிறந்தவை போல இருக்கின்றன. உள்ளே வெளிச்சத்துக்குப் பழைய மஞ்சள் பல்புதான். வெள்ளை எல்.இ.டி. போட்டுப் பார்த்தேன், இரவில் அந்த ஒரு மூலை மட்டும் வேறு காலமாகத் தெரிந்தது.

தகட்டுக்குத் தேக்குப் பலகை போடலாம் என்று ஆசாரி சொன்னார், நல்ல மரம்கூடக் காட்டினார். ஃபியட்டின் டேஷ்போர்டு இரும்பு, அதன் அழகும் இரும்பின் அழகு. அலுமினியத் தகட்டை வெட்டி, விளிம்பை மடித்து, வண்டியின் நிறமே அடித்து, என் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பொருத்தினேன். கீழ் விளிம்பில் முன்னாடியே இருந்த ஸ்க்ரூ துளைகள்தான் தாங்குகின்றன.

வயரிங்குக்குப் போன முதல் கடையில் வண்டியின் பழைய வயர்க் கட்டை (ஹார்னஸ்) வெட்டிச் சேர்த்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். சின்ன ஃபியூஸ் ஒன்று வைத்துத் தனி வயர் இழுத்து, ஒவ்வொரு மீட்டருக்கும் எர்த்தைத் தனியாக பாடிக்குக் கொண்டுபோய், பெயின்ட்டைச் சுரண்டி லக் போட்டு இறுக்கினேன். வோல்ட் மீட்டருக்குப் பதில் கரன்ட்டை அளக்கிற அம்மீட்டர் வைக்கச் சொல்கிறவர்கள் உனக்கும் வருவார்கள். கேட்காதே. ஸ்டார்ட்டர் நீங்கலாக வண்டியின் கரன்ட் முழுவதும் அதன் வழியாக ஓட வேண்டும், தடித்த வயர் ஃபயர்வாலைத் தாண்டி வந்து திரும்பிப் போக வேண்டும், எங்காவது உராய்ந்தால் தீ. வோல்ட் மீட்டருக்கு நூல் மாதிரி ஒரு வயர் போதும். அணைத்திருக்கும்போது 12.6, ஓடும்போது 14க்குப் பக்கம், ஓடியும் 12க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை, அவ்வளவுதான். உன் வண்டியில் இன்னும் டைனமோதானே? சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது முள் இறங்கும், பயப்படாதே, வண்டி நகர்ந்ததும் ஏறிவிடும்.

ரொம்ப முக்கியமான ஒன்று. எதையும் வாங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படி இருந்தால் நீ சொன்ன டிஜிட்டல் செட்டை மாட்டிய அந்த நொடியே அது புகைந்துவிடும். செம்புக் குழாய் மீட்டருக்கு அந்தக் கவலையே கிடையாது. இன்னொன்று, சென்சார் மாட்டுவதில் உனக்கு என்னைவிடப் பாதி வேலைதான். உன் ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்கின்றன. முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜினைத் தொடலாம். நான் ஃபியட்டுக்குள் தலையை விட்டு முதுகு பிடித்துக்கொண்டதை நினைத்தால் உன் மேல் பொறாமையாக இருக்கிறது.

நீ இப்போது செய்ய வேண்டியது இதுதான். டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் என்னென்ன துளைகள் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. உன் ஸ்பீடோமீட்டரின் எழுத்தும் தெளிவாக வேண்டும், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் எடு. தகட்டை நான் இங்கே வெட்டி வைக்கிறேன், டயலையும் அச்சடித்துவிடலாம். பொங்கலுக்கு அங்கே வருகிறோம், கருவிப் பெட்டியோடு வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லி வை, தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு பழைய பாத்திரம் வேண்டும்.

அன்புடன்,
முருகேசன்