பெட்டியைப் போட்டுவிடாதே

அன்புள்ள மல்லிகா,

தீபாவளிக்கு நீ பேசினாய். இப்போது பங்குனி பிறந்துவிட்டது. நடுவில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், இருக்கட்டும், திட்டுவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரில் வரி விளம்பரம் வரை விடாமல் படிக்கிறார். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உன் முட்டி வலிக்கு நான் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறாயா, இல்லை பத்மா அக்காவின் குடை மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி பழைய வீட்டை ஒழிக்கிறாங்க, மாமாவோட லெட்டர் பெட்டியைப் பேப்பர்காரர்கிட்ட போட்டுடப் போறாங்களாம்" என்றாள். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உன் அப்பா கம்பியில் குத்திக் குத்திச் சேர்த்துவைத்த அந்த நீல இன்லேண்ட் லெட்டர்களையா? முப்பது வருஷம் ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாற்றலாகிப் போய் அம்மாவுக்கு எழுதியதையா? கிலோ என்ன விலைக்குப் போடப் போகிறாய்?

"அதில் என்னடி இருக்கு, அரிசி விலையும் சளி இருமலும்தானே" என்று நீ சொல்வாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

மூன்று மாதமாக ஒரே ஒரு எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஹெல்லா ஹாஸே. டச்சுக்காரர், ஆனால் பிறந்தது 1918-இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில். ஜாவா தீவில் அப்போது டச்சு ஆட்சி. அப்பா அந்தக் காலனி அரசில் நிதித்துறை அதிகாரி, அம்மா பியானோ கலைஞர். அம்மாவுக்குக் காசநோய் வந்து சுவிட்சர்லாந்தில் சிகிச்சைக்குப் போனபோது, குழந்தை நெதர்லாந்தில் தாத்தா பாட்டியிடமும் விடுதியிலும் வளர்ந்தது. பிறகு மறுபடி ஜாவா. இருபது வயதில் ஸ்காண்டிநேவிய மொழிகள் படிக்க ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பலேறினார். இரண்டு வருஷத்தில் ஜெர்மன்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். படிப்பை விட்டுவிட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்து 1943-இல் தேறினார். அந்தப் பக்கம் ஜாவாவில் பெற்றோர் ஜப்பானியர் முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஊர் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம்.

1948-இல் 'ஊருக்' என்று ஒரு சின்ன நாவல். நெதர்லாந்தில் ஆண்டுதோறும் புத்தக வாரம் நடக்கும், அந்த வாரத்தில் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறுநாவலை இலவசமாகத் தருவார்கள். அதற்கான போட்டிக்குத் தன் பெயரை மறைத்து மலாய் மொழியில் 'எழுதப் பிடிக்கும்' என்று பொருள்படும் புனைபெயரில் இவர் அனுப்பியது தேர்வாகியிருக்கிறது. புத்தகத்திலும் எழுதியவர் பெயர் கிடையாது. யார் எழுதியது என்று வாசகர்களே கண்டுபிடிக்க வேண்டும்! ஜாவாவின் ஒரு தோட்டத்தில் வெள்ளைக்கார நிர்வாகியின் மகனும் ஊருக் என்ற, மேற்கு ஜாவாவின் சுண்டானிய இனத்துப் பையனும் சேர்ந்து வளர்கிறார்கள். "ஊருக் என் நண்பனாக இருந்தான்" என்றுதான் கதை தொடங்குகிறது. கதை சொல்கிறவனுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. போர் முடிந்து அவன் திரும்பி வரும்போது கருப்பு ஏரிக்கரையில் துப்பாக்கியோடு ஒருவன் எதிரே நிற்கிறான். அது ஊருக்தானா என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்றாகக் குளித்து விளையாடியவனை அடையாளம் தெரியவில்லை மல்லிகா! அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுக்களையில் போய் வெகுநேரம் நின்றேன். வெளியில் டச்சு ராணுவம் இந்தோனேசிய விடுதலைப் போராளிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்த புத்தகம் அது.

அதற்குத் திட்டும் கிடைத்தது. அதே தீவுகளில் வளர்ந்த, கலப்புக் குடும்பத்து எழுத்தாளர் ட்யாலி ராபின்சன் கடுமையாக விமர்சித்தார். எனக்கும் ஒரு பக்கம் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் ஊருக்கின் மனசுக்குள் புகுந்து பேசிவிடலாம் என்று ஹாஸே துணியவே இல்லை. வெள்ளைக்காரப் பையனுக்குத் தெரிந்த அளவு மட்டும்தான் நமக்கும் தெரியும். அந்த அடக்கம்தான் என்னை அவர் பக்கம் இழுத்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம், 1947-இல், அவருடைய முதல் பெண் குழந்தை தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டது. மூன்று வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. உனக்கு இதை எழுதலாமா என்று யோசித்தேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அந்தத் துக்கத்துக்கு அடுத்த இரண்டு வருஷத்தில் 'ஊருக்'கும் வந்தது, அவருடைய முதல் பெரிய வரலாற்று நாவலும் வந்தது. பிரான்சின் ஓர்லேயான் கோமகன் சார்லின் கதை. 1415-இல் ஆங்கிலேயரோடு நடந்த அஜின்கோர்ட் போரில் பிடிபட்டு, இருபத்தைந்து வருஷம் இங்கிலாந்தில் சிறைக்கைதியாக இருந்துகொண்டு கவிதை எழுதிய ஆள். போர்க்களத்தைவிட அந்தக் காத்திருப்புதான் புத்தகம் முழுக்க. இது ஆங்கிலத்துக்கு வர நாற்பது வருஷம் ஆயிற்று. சிகாகோவில் ஒருவர் இதன் மேல் ஆசைப்பட்டு முழுவதையும் மொழிபெயர்த்து வைத்திருந்தார், அந்தக் கட்டு வெகுகாலம் வீட்டிலேயே கிடந்தது. பிறகு வேறொருவர் திருத்திச் செப்பனிட்டு 1989-இல் அச்சாயிற்று. அந்த வீட்டில் யாராவது பேப்பர்காரரைக் கூப்பிட்டிருந்தால்?

அப்புறம் ரோமாபுரி, பழைய பிரெஞ்சு நாவல் ஒன்றின் கதாநாயகிக்கே இவர் எழுதும் கடிதங்கள் என்று எங்கெங்கோ போனார். அவற்றை எல்லாம் நேரில் பேசுவோம். உனக்காக நான் சொல்ல வருவது எழுபதுகளின் கடைசியிலிருந்து அவர் எழுதிய விதம். பதினெட்டாம் நூற்றாண்டில் கணவனை விட்டு வெளியேறிய சார்லட் சோஃபி பெண்டிங்க் என்ற பிரபு குலத்துப் பெண்ணின் கடிதங்களை எடுத்து, அவற்றை அப்படியே பேசவிட்டு இரண்டு நாவல் எழுதினார். 1992-இல், எழுபத்து நான்கு வயதில், 'தேயிலைப் பிரபுக்கள்'. ருடால்ஃப் கெர்கோவன் என்ற நிஜ மனிதர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் படித்துவிட்டு 1871-இல் ஜாவா வந்து, காட்டுக்குள் காம்புங் என்ற இடத்தில் தேயிலை போட்டவர். தேயிலைக்குச் சீன விதையை விட்டு அஸ்ஸாம் விதைக்கு மாறிய காலம் அது. பக்கத்திலேயே மலேரியா மருந்துக்கான கொயினா மரமும் வைத்தார். அந்தக் குடும்பத்துக் கடிதங்கள் ஆவணக் காப்பகத்துக்கு வந்துசேர்ந்திருந்தன. அவற்றை வைத்துத்தான் நாவல். நடந்தவை எதையும் தான் கற்பனை செய்யவில்லை, நாவலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்து அடுக்கினேன், அவ்வளவுதான் என்கிறார் ஹாஸே.

கெர்கோவனின் கடிதங்களில் என்ன இருந்தது தெரியுமா? விதை, விலை, அப்பாவோடு மனஸ்தாபம், பிள்ளைகளின் படிப்பு. உன் அப்பாவின் கடிதத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நாவலில் எனக்கு நெஞ்சை அடைத்தது அவர் மனைவி யென்னி. தனிமை, அடுத்தடுத்துப் பிரசவம், பள்ளிக்கூடத்துக்காக ஐரோப்பா போன பிள்ளைகள். 1907-இல் அவள் இறந்துபோகிறாள். தானே முடித்துக்கொண்டாள் என்றுதான் படிக்கும் நமக்குப் புரிகிறது. கணவன் கட்டுக் கட்டாக எழுதியிருக்கிறான், ஆனால் அவள் மனசு அந்தக் காகிதங்களின் ஓரத்தில் மட்டும்தான் தெரிகிறது. கொழுந்து பறித்த பெண்களுக்கோ அந்த ஓரமும் இல்லை. காகிதம் வைத்திருந்தவர்களின் கதைதான் மிஞ்சுகிறது, இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தக் காகிதமும் இல்லை என்றால் யென்னியும் காணாமல் போயிருப்பாள்.

உன் அம்மா பதில் எழுதிய கடிதங்கள் எங்கே மல்லிகா? அப்பா எல்லாவற்றையும் கம்பியில் குத்தி வைக்கிறவர். அவர் தங்கியிருந்த இடங்களிலிருந்து அந்தக் கட்டும் வந்திருக்க வேண்டும். "உன் கடிதம் கிடைத்தது, நீ கேட்ட விஷயம்" என்று அப்பா எழுதியிருப்பார். நீ கேட்ட விஷயம் என்ன என்பதில்தான் அம்மா இருக்கிறார்.

ஹாஸே எண்பத்து நான்கு வயதில் எழுதிய நாவலில் ஒரு கருங்காலிப் பெட்டி வருகிறது. ஜாவாவில் கழிந்த இளம்பருவத்துத் தோழியைப் பற்றிய காகிதங்கள் அதில்தான் என்று ஒரு கிழவி நம்புகிறாள், சாவி தொலைந்துபோயிருக்கிறது. 2011-இல் தொண்ணூற்று மூன்றாம் வயதில் ஹாஸே காலமானார். அவர் பெயரில் ஒரு சிறுகோள்கூட இருக்கிறது, உன் பேரனிடம் சொல்.

உன் பெட்டிக்குச் சாவி உன் இடுப்பில் தொங்குகிறது. பேப்பர்காரரைப் போகச் சொல். பெட்டியை வெயில்படாத இடத்தில் வை, ராமபாணப்பூச்சி அரித்திருந்தால் தட்டாதே, ஓரம் உதிர்ந்துவிடும். கம்பியிலிருந்து நீயே உருவாதே. வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் கிளம்புகிறேன், சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். வேப்பிலை, பழைய வேட்டித் துணி, நாலு நோட்டு கொண்டு வருகிறேன். தேதி வாரியாக அடுக்குவோம், நீ வாசி, நான் எழுதிக்கொள்கிறேன். உன் எழுத்து இன்னும் அதே கோழிக்கிறுக்கல்தானே.

காப்பிப் பொடி தீர்ந்திருந்தால் இப்போதே சொல், இங்கிருந்து அரைத்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
செல்வி