செயலாளர் ஆண்டறிக்கை: விழாக்கள், லாவோ நடை, நிலுவைச் சந்தா

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, இன்று வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கை வழக்கம்போல வட்சப் குழுவிலும் போடப்படும். அங்கேயாவது வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பின் நிர்வாக சபை ஏழு தடவை கூடியது. அதில் இரண்டு தடவை போதிய ஆட்கள் இல்லாமல் தேநீரோடு கலைந்தோம்.

பொங்கல் விழா நடந்தது. சித்திரைப் புத்தாண்டுக் கலைநிகழ்ச்சி நடந்தது. கோடை விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு கிழமை பிந்தி நடந்தது. கயிறிழுத்தலில் வந்த வாக்குவாதம் பேசித் தீர்க்கப்பட்டுவிட்டது, அதைத் திரும்பக் கிளற வேண்டாம். வாணி விழாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினோம். தமிழ் வகுப்பு தொடர்கிறது. ஆசிரியைகளுக்கு நன்றி.

இனி லாவோ நடை. சுவிஸில், லொசானுக்குக் கிழக்கே ஏரிக்கரைச் சரிவில் இருக்கும் திராட்சைத் தோட்டப் பகுதிதான் லாவோ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வந்தவர்களை விட வராதவர்கள்தான் இதைப் பற்றி அதிகம் பேசினார்கள்.

லொசானில் இருந்து வெவே பக்கம் ரயிலில் போகாதவர் இந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. வலது பக்கம் லெமான் ஏரி, இடது பக்கம் படிப்படியாக ஏறும் திராட்சைத் தோட்டங்கள். நானும் இருபத்தாறு வருடம் அதைக் கடந்து வேலைக்குப் போனவன்தான். பாதி நாள் நித்திரையில். லொசானின் கிழக்கு எல்லையில் தொடங்கி ஷியோன் கோட்டை வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு நீளும் அந்தச் சரிவில் 898 ஹெக்டேயரை யுனெஸ்கோ 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் காசு செலவழித்துப் பார்க்க வருகிறார்கள். எங்களுக்கு அது ரயில் ஜன்னல். ‘பிறந்த ஊரின் பாரம்பரியம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை’ என்று ஒவ்வொரு விழாவிலும் மேடையில் கவலைப்படுகிறோம். சரி, அந்தப் பிள்ளைகள் பிறந்த ஊரே இதுதானே என்று நினைத்துத்தான் இந்த நடையை முன்மொழிந்தேன்.

முன்மொழிந்த அன்று இரவே ஒரு அண்ணை குழுவில் எழுதினார்: “இனிச் சங்கம் பிள்ளையளுக்கு வைன் ஊத்திக் குடுக்கப் போகுதோ?” பதினேழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். பதிவுக்காகச் சொல்கிறேன்: நடைகளில் சங்கக் காசில் வாங்கியது தண்ணீரும் பிஸ்கட்டும் மட்டும். ரிவா என்ற ஊரில் பெரியவர்கள் இரண்டு பேர் சொந்தக் காசில் ஒரு கிளாஸ் ஷாஸ்லா, அந்தப் பக்கத்து வெள்ளை வைன், வாங்கி ருசி பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் குழுவில் எழுதிய அதே அண்ணை.

நான்கு நடை திட்டமிட்டு மூன்று நடந்தன. முதலாவதுக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள், சென் சபொரான் நிலையத்தில் இறங்கியது பதினொரு பேர். இரண்டாவது, ஒரு சாமத்தியவீட்டோடு மோதியது. அது என் பிழை, அழைப்பிதழை வீட்டில் மேசையில் வைத்துக்கொண்டே திகதி குறித்துவிட்டேன். மூன்றாவதுக்கு இருபத்துமூன்று பேர், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். நான்காவது, ஆள் இல்லாமல் கைவிடப்பட்டது.

வந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று வராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மதில்கள். 400 கிலோமீட்டருக்கு மேல் கல் மதில் அந்தச் சரிவில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் டெசலே என்ற இடத்தில் காடும் முள்ளுமாகக் கிடந்த செங்குத்து நிலத்தை சிஸ்டேர்சியன் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகள் வெட்டித் திருத்தினார்கள். மதில் இல்லாவிட்டால் மண் நிற்காது. மதில் இருந்தும் மழை மண்ணைக் கீழே கொண்டுவந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் கீழே சேர்ந்த மண்ணை முதுகுக்கூடையில் அள்ளி, மேலே கொண்டுபோய்ப் போடுவது அங்கே ஒரு வழமையான வேலையாக இருந்திருக்கிறது. வருடாவருடம் அதே மண், அதே படி. இப்போது பாரம் ஏற்ற ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சின்ன வண்டிகள் இருக்கின்றன. பிள்ளைகள் ‘ரோலர்கோஸ்டர்’ என்று கத்தினார்கள், ஏற விடவில்லை என்று எனக்குத்தான் ஏச்சு.

நெடுந்தீவைச் சேர்ந்த எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர் முதல் நடைக்குப் பொல்லோடு வந்தார். ஒரு மதிலடியில் நின்று கையால் தடவிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்கட பவளக்கல்லு மதிலுக்குச் சீமெந்தும் இல்லை தம்பி, ஒண்டும் இல்லை. அடுக்கிறதுதான்” என்றார். ஊரில் தங்கள் வளவு மதில் விழுந்தால் யார் எந்தப் பக்கத்தை அடுக்குவது என்று பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் விளக்கினார். நான் ஆயத்தப்படுத்திக் கொண்டுபோன நான்கு பக்கக் குறிப்பை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அங்கே ‘மூன்று சூரியன்’ என்று சொல்வார்கள். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரியில் பட்டுத் தெறிப்பது இன்னொன்று, பகலெல்லாம் சூடு வாங்கி இரவில் மதில் விடுவது மூன்றாவது. ஊரில் முந்திரிகைக்கு, அதாவது திராட்சைக் கொடிக்கு, பந்தல் போட்டு அதன் கீழ் நிழலில் கதிரை போட்டு இருந்தவர்களுக்கு, இடுப்பளவு உயரத்தில் கட்டையில் கட்டி வெயிலைத் துரத்திப் பிடிக்கும் இந்தத் தோட்டம் வேறு உலகம்.

இரண்டாவது நடையில் வந்த ஒரு அக்காவைப் பிடித்தது தோட்டமல்ல, வேலையாட்கள். கோடை தொடங்கும்போது கொடியில் வேண்டாத துளிரையும் இலையையும் கிள்ளி எடுக்க வேண்டும். அதற்கு ஏரிக்கு அக்கரையில் சவோய் நாட்டிலிருந்தும், பிறகு இத்தாலியின் அவோஸ்தாப் பள்ளத்தாக்கிலிருந்தும் பெண்கள் பருவத்துக்குப் பருவம் வந்து போயிருக்கிறார்கள். “அப்ப இவையும் எங்களை மாதிரி வந்து நிண்டு உழைச்ச ஆக்கள்தானே” என்றார் அக்கா. 80களில் வந்து ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவர் சொன்னதை நான் விளக்கத் தேவையில்லை.

1536இல் பேர்ண்காரர், லொசான் இருக்கும் வோ நாட்டைப் பிடித்தபோது மடங்களின் சொத்துகள் கைமாறின. டெசலேயில் துறவிகளின் தோட்டம் லொசான் நகரசபைக்கு வந்தது. இன்றும் நகரசபைதான் சொந்தக்காரர், வருடத்துக்கு ஒருமுறை தன் வைனைத் தானே ஏலம் விடுகிறது. நகரசபைக்கு வரி கட்டுகிற எங்களுக்கும் அதில் ஒரு கொடி சொந்தம் என்று பொருளாளர் கணக்குப் பார்த்தார். குயி என்ற ஊரில் டாவெல் மேஜரின் நினைவுச்சின்னம் இருக்கிறது. பேர்ண் ஆட்சியிலிருந்து வோவை விடுவிக்கப் போய், நம்பிய லொசான் பெரியவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு 1723இல் லொசான் ஏரிக்கரையில் உள்ள விடி என்ற இடத்தில் தலை வெட்டப்பட்டவர். கோடையில் நாங்கள் இறைச்சி வாட்டப் போகிற அதே விடி.

இன்னொன்று. அந்தச் சரிவில் இன்று வீடுகள் முளைக்காமல் இருப்பது தானாக நடந்ததல்ல. ஃபிரான்ஸ் வேபர் என்ற சுற்றுச்சூழல் ஆர்வலர் கையெழுத்துச் சேர்த்து, 1977இல் வோ மாநில மக்கள் வாக்களித்து லாவோவின் பாதுகாப்பை மாநில அரசியலமைப்பில் எழுத வைத்தார்கள். 2005இல் திரும்பவும் வாக்களிக்க வேண்டி வந்தது. 2014இல் அவருடைய மூன்றாவது கோரிக்கை தோற்று, அரசின் மாற்றுத் திட்டம் வென்றது. வாக்குரிமை எடுத்த பிறகும் வாக்குச்சீட்டுக் கடிதத்தைப் பழைய பேப்பரோடு கட்டி வைக்கும் அங்கத்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

வெவேயில் திராட்சைத் தோட்டக்காரரின் சகோதரக் குழு ஒன்று இருக்கிறது. மற்றவர் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் வேலையை நேரில் போய்ப் பார்த்துப் புள்ளி போட்டு, நல்லவருக்குப் பரிசு கொடுப்பது அதன் பழைய தொழில். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1797இல் தொடங்கி, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை நடக்கும் பெருவிழா. 2016இல் அதையும் யுனெஸ்கோ தன் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கடைசியாக 2019இல் நடந்தது, அதற்கு முன் 1999. இருபது வருட இடைவெளி விட்டும் ஆயிரக்கணக்கான ஊர்ச்சனம் வேடம் கட்டி வருகிறது. எங்கள் நிர்வாக சபைக்கு மாதம் ஒருமுறை ஒன்பது பேர் வருவது கடினமாக இருக்கிறது. அப்படிப் புள்ளி போடும் வழக்கம் எங்களிடம் இல்லாதது சிலருக்கு நல்லகாலம்.

கணக்கு விபரம் பொருளாளர் தருவார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன; மண்டப வாடகை கூடியிருக்கிறது; கையிருப்பு சென்ற ஆண்டை விடச் சற்றுக் குறைவு. நடைகளுக்கு ஆன செலவு பொங்கல் ஒலிபெருக்கிச் செலவின் பாதிகூட இல்லை. குறைவுக்குக் காரணம் நடை அல்ல, சந்தா. ஐந்தில் இரண்டு குடும்பங்கள் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சில குடும்பங்கள் மூன்றாவது ஆண்டாக. பெயர் சொல்ல மாட்டேன். விழாவில் முன்வரிசைக் கதிரை கேட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பவர்களும் அதில் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தலைவருக்கும் உபதலைவருக்கும் நன்றி. சமையலைப் பொறுப்பேற்ற தாய்மாருக்கும், கதிரை அடுக்கிய இளைஞர்களுக்கும், ஒலி அமைத்தவருக்கும், நடைகளில் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் நன்றி. அந்த இரண்டு பேர் இல்லையென்றால் நான் பாதி அறிவிப்புப் பலகைகளைப் பிழையாகச் சொல்லியிருப்பேன்.

வரும் ஆண்டுக்கு நான் இந்தப் பதவியைக் கேட்கவில்லை. ஆறு வருடம் போதும், முழங்காலும் அதையே சொல்கிறது. வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். ஒருவரும் வராமல், தலைவர் போன வருடம் போல என் பக்கம் திரும்பிப் பார்த்தால், ஒரு விடயம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: கைவிட்ட நான்காவது நடையை புரட்டாசியில், அறுவடை நேரத்தில் வைப்பேன். அன்று சாமத்தியவீடு, கலியாணம், அந்தியேட்டி எது இருந்தாலும் இப்போதே சொல்லுங்கள். நெடுந்தீவு ஐயா வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு மெதுவாக நடக்கத் துணை வேண்டும்.

சிற்றுண்டி தயார். ரோல்ஸ் மேசை கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கதவடியில் பொருளாளர் சந்தாக் கொப்பியோடு நிற்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்