குழாய்க்கு மானியம் இருக்கிறது, பராமரிப்புக்கு யார் இருக்கிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சொட்டுநீர்ப் பாசன மானியம் பற்றித் தங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைப்பதைக் கட்டுரை பாராட்டியிருக்கிறது. அந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஆனால் குழாய் பதித்து இரண்டு மூன்று ஆண்டுகள் போன பிறகு தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் ஜி-9 ரக வாழை போடுகிறவன் நான். வாழையின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரடி ஆழத்துக்குள்தான் பரவுகின்றன. மடை திறந்து பாய்ச்சினால் தண்ணீரில் கணிசமான பங்கு யூரியாவையும் கரைத்துக்கொண்டு வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. சொட்டுநீரில் கன்று நட்ட நாலு மாதம் வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், அதன்பின் குலை தள்ளும் வரை 20, பிறகு 25 லிட்டர் என்று அளந்து கொடுக்கலாம். உரத்தையும் அதே குழாயில் வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். இதன் பலனைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

எங்கள் ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றில் உப்பு நீர். சுண்ணாம்பு படிந்து, தண்ணீர் சொட்டும் முனையான டிரிப்பரின் வாய் வெள்ளையாக அடைத்துக்கொள்கிறது. முழுதாகக் கரையும் உரத்தின் விலை கட்டுப்படியாகாதவர்கள் சாதாரண காம்ப்ளக்ஸ் உரத்தைத் தொட்டியில் கலக்கி, உரக்கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் வெஞ்சுரி வழியே விட்டுவிடுகிறார்கள். கரையாத கசடு குழாயில் தங்குகிறது. தண்ணீர் வராத மரத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாள் சும்மா இருக்க முடியும்? ஊசியால் குழாயில் ஓட்டை போடுகிறார்கள். அழுத்தம் குறைகிறது, கடைசி வரிசை காய்கிறது. முடிவில் குழாய்களைச் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டு மறுபடி வாய்க்கால் பாசனத்துக்கே போய்விடுகிறார்கள். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிடப் பணத் தடையும் இல்லை. கிணற்றின் நீர்மட்டம்தான் இறங்கிக்கொண்டே போகிறது.

இதை விவசாயியின் அலட்சியம் என்று அதிகாரிகள் கூட்டங்களில் பேசும்போது மனம் வலிக்கிறது. வடிகட்டியின் இருபுறமும் அழுத்த மானி இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவைத் தாண்டும்போது வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் யார்? என் தோட்டத்தில் குழாய் பதித்த நிறுவனத்தார் புகைப்படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். பிறகு அழைத்தபோதெல்லாம் "ஆள் அனுப்புகிறோம்" என்ற பதில் மட்டுமே வந்தது. ஒரே நிலத்துக்கு மறுபடி மானியம் பெற ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே அடைத்துப்போனால் மீதிக் காலத்துக்கு என்ன வழி?

நிறுவனத்துக்கு அரசு தரும் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் தோட்டக்கலை அலுவலர் நேரில் வந்து, கடைசி வரிசை டிரிப்பரில் மணிக்கு எத்தனை லிட்டர் சொட்டுகிறது என்று அளந்து பார்த்த பிறகே அதை விடுவிக்க வேண்டும். ஒரு பாத்திரமும் கடிகாரமும் இருந்தால் போதும், வேறு கருவி எதுவும் வேண்டாம். ஊருக்கு ஓரிரு இளைஞர்களுக்குப் பழுது பார்க்கப் பயிற்சி கொடுத்தால் அவர்களுக்கும் பிழைப்பு ஆகும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அமிலம் விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்யும் முறையைப் படங்களுடன் ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கோடைக்கு முன் வந்தால் இந்தப் பருவத்திலேயே பயன்படும்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்.